ஷெட்டில் நான் மாற்றிச் சொன்னவை

தொண்ணூறுகளில் நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு தங்கும் விடுதியில் மேனேஜராக இருந்தேன். பன்னிரண்டு அறைகள். மேனேஜர் என்று பெயரே ஒழிய, சாவி எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, பஸ் டிக்கெட்டுக்கு அலைவது எல்லாம் நான்தான். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. முதலாளி என்னை விடாமல் வைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. எனக்கு இங்கிலீஷ் வரும். அதைவிட முக்கியம், ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சண்டை வராத மாதிரி மாற்றிச் சொல்லவும் வரும்.

எங்களிடம் தங்கியவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர், "இவங்களுக்கு வேற வேலையே இல்லியா சார், அர மணி நேரமா நிக்க வெக்கிறாங்க" என்பார். நான் இங்கிலீஷில், "அவருக்குக் கொஞ்சம் அவசரமாம், நிதானமாக வாருங்கள்" என்பேன். உள்ளே இருப்பவர், "இந்த ஆள் பகல் கொள்ளைக்காரன்" என்பார். நான் தமிழில், "ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேனு கேக்கறாங்க" என்பேன். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு ஒரே ஆட்டோவில் போவார்கள். துணி வெளுப்பவர், வீட்டுக்காரர், கீரை விற்கும் அம்மா என்று எல்லோருக்கும் நடுவில் நான் நின்றேன். பத்து வருஷத்தில் எங்கள் விடுதி வாசலில் ஒரு பெரிய சண்டை நடந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்படித் தங்கியவர்களில் ஒரு அம்மா ஹாலந்துக்காரர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வயது இருக்கும். வருஷத்தில் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. காலையில் ஆசிரமத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். வாரத்தில் இரண்டு நாள் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், புண்ணுக்குக் கட்டுப் போடும் ஒரு சின்ன இடத்தில் உதவி செய்வார். பஸ்ஸில் போய்ப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய பியட் கார் வாங்கினார். அவர் பேரில் பதிவு செய்ய ஏதேதோ காகிதங்கள் கேட்டார்கள் என்பதால் கார் என் பேரில் இருந்தது. அவர் ஊருக்குப் போகும் ஆறு மாதமும் அது விடுதிக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும்.

அந்தக் காரை நாங்கள் பழுதுபார்க்க விட்டது போளூர் ரோட்டில் ஒரு பாயின் ஷெட்டில். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அந்த இடத்தில் வண்டி வேலைதான். எங்கள் முதலாளியின் வேனும் அங்கேதான் போகும். பாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல். வேலையில் கெட்டி. பேச்சு குறைவு. கூட அவருடைய மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, வேலை பார்த்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். அவர் அக்கா வீட்டுக்காரருக்கு நேர் எதிர், வாய் ஓயாது.

ஒரு ஐப்பசியில், கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அந்த அம்மா காரை சர்வீஸுக்கு விடச் சொன்னார். தீபத்துக்கு ஊரே நெரியும், அதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்று அவருக்கு எண்ணம். ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும், முக்கியமாக ஹேண்ட்பிரேக் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நானே கொண்டுபோய் விட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு விடுதி போன் அடித்தது.

"சார், நான் ஷெட்டுலேருந்து பேசறேன்" என்றார் பாய். "ஒரு சின்ன விஷயம். வண்டி லேசா இடிச்சிக்கிச்சு. நீங்க மட்டும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

நான் மட்டும் போயிருப்பேன். ஆனால் அந்த அம்மா அந்நேரம் பால் டம்ளரைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸ் அறைக்குள் வந்து நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் காரா?" என்று கேட்டார். இருவரும் ஆட்டோவில் போனோம்.

ஷெட்டின் தரை ரோட்டைப் பார்த்துச் சரிவாக இருக்கும். ராத்திரி பெய்த மழையில் மண் இன்னும் சொதசொதவென்று இருந்தது. கார் இடதுபக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. முன் மட்கார்டு காகிதம் மாதிரி மடங்கியிருந்தது. ஹெட்லைட் இருந்த இடத்தில் ஓட்டை. இடது கதவு உள்ளே அமுங்கி, கண்ணாடி தூளாகிக் கிடந்தது. 'லேசா' என்று பாய் சொன்னதற்கும் கண்ணால் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த அம்மா காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு பாயின் முன்னால் வந்து நின்று, என்னிடம், "எப்படி நடந்தது என்று கேளுங்கள்" என்றார். எங்கள் பேச்சு இங்கிலீஷில்தான். இருவருக்குமே அது இரவல் மொழி என்பதால் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசிக்கொள்வோம்.

நான் கேட்டேன். பாய் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவையும் பார்க்கவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஹேண்ட்பிரேக் சுத்தமா செத்துப் போயிருக்கு சார். வண்டி தானா உருண்டிடுச்சு. அவ்ளோ மோசமா இருக்குதுனு மொதல்லயே சொல்லியிருக்கணும். எங்க தப்பு இல்ல."

ஹேண்ட்பிரேக்குக்காகத்தானே காரையே விட்டோம். நானே அல்லவா சொன்னேன். இதை அப்படியே சொன்னால் அந்த அம்மா என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, முகம் சிவந்துவிடும், அதன்பிறகு இறங்கிவர மாட்டார். வண்டியோ என் பேரில். போலீஸ், இன்சூரன்ஸ் என்று போனால் அலைய வேண்டியது நான். இந்த ஊரில் நாளைக்கும் இந்த ஷெட்டுக்கு வர வேண்டியதும் நான்தான். இத்தனையும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் மனசில் ஓடியது.

"மழை ஈரத்தில் வண்டி வழுக்கிவிட்டதாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "ரொம்ப வருத்தப்படுகிறார். எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிடுகிறேன் என்கிறார்."

அந்த அம்மா பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருத்தப்படுகிற மாதிரி தெரியவில்லையே" என்றார். பிறகு, "காசு எனக்குப் பெரிசில்லை. காரும் பெரிசில்லை. அந்த நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் யார் இருந்தார்களோ, அவர் வாயால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். என்னிடம் கதை சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார்.

நான் பாயிடம் திரும்பினேன். "பரவால்ல, மனுஷனுக்கு ஒண்ணும் ஆகலியே, அது போதும்னு சொல்றாங்க பாய். நீங்க நிதானமா வேலய முடிச்சிக் குடுங்கனு சொல்றாங்க."

பாய் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி வாய் திறந்தது. பிறகு நெஞ்சில் கைவைத்து லேசாகக் குனிந்தார். மச்சான் ஒரு ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். அந்த அம்மா உட்காரவில்லை. பாய் கும்பிட்ட மாதிரி குனிந்ததைப் பார்த்து அவருக்கும் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆட்டோவில் திரும்பினோம். நான் என் வேலையைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தியில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை, ஆசிரமத்திலிருந்து திரும்பியவுடன் அவர் நேராக ஆபீஸ் அறைக்கு வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அவர் மூன்று வருஷமாகத் தமிழ் படித்து வந்தார் என்பது எனக்குத் தெரியும். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் நாம் பேசுகிற வேகத்தில் அவர் காதுக்கு எதுவும் எட்டாது என்று நினைத்திருந்தேன். எட்டவில்லைதான். ஆனால் எட்டாததை அவர் ஒலியாகவே பிடித்து நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"எங்க தப்பு இல்ல" என்று நோட்டைப் பார்த்து மெதுவாகப் படித்தார். "இதற்கு என்ன அர்த்தம்?"

நான் மேஜைமேல் கிடந்த சாவிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"அகராதியில் பார்த்துவிட்டேன். உங்கள் வாயால் கேட்கிறேன்."

சொன்னேன். அடுத்த வரியையும் படித்தார். சொல்லியிருக்கணும். அதற்கும் அர்த்தம் சொன்னேன். பிறகு, அவர் சொன்னதை நான் பாயிடம் எப்படிச் சொன்னேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

அவர் முகம் சிவந்தது. குரல் உயரவில்லை. "அவர் பொய் சொன்னார் என்றால் அது அவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற விஷயம்" என்றார். "அதற்கு நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பார். அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. நீங்கள் உங்களோடேயே பேசிக்கொண்டீர்கள். நாங்கள் இரண்டு பேரும் சும்மா நின்றோம்."

"சண்டை வேண்டாம் என்றுதான்..." என்றேன்.

"எனக்கு வேண்டியிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் வரவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். கீரைக்கார அம்மாவிடம் தானே பேசி, விரல்விட்டுக் காட்டி வாங்கினார். கிராமத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தார். திரும்பி வரும்போது மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று ஏறுவது எனக்கு ஆபீஸிலிருந்து தெரியும். எழுந்து போய்க் கை கொடுக்கத் தைரியம் வரவில்லை.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் எனக்காகப் பரிந்து பேசுவாள் என்ற எதிர்பார்ப்பில்தான் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க அம்மா என்னப் பத்தி சொல்றதயும் இப்டிதான் மாத்திச் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லியே" என்றேன்.

"பின்ன எப்டி பத்து வருஷமா அவங்க என்ன ஒரு கொற சொல்லல?"

அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு உலையில் போட்டாள். நான் எழுந்து கடைக்குப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன். தெருவில் நடக்கும்போதுதான் முதல் தடவையாக ஒரு எண்ணம் எனக்குள் வந்தது. நான் எல்லோரையும் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாருக்கும் யாரையும் தெரியாதபடி அல்லவா வைத்திருக்கிறேன்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, அந்த அம்மா வந்து நின்றார். "ஷெட்டுக்குப் போகிறேன். நீங்களும் வர வேண்டும். என் தமிழ் இதற்குப் போதாது. ஆனால் ஒரு நிபந்தனை. நான் சொல்வதை நான் சொல்கிற மாதிரியே சொல்ல வேண்டும். அவர் சொல்வதை அவர் சொல்கிற மாதிரியே. கெட்ட வார்த்தையாக இருந்தாலும்."

போனோம். கார் பாதி வேலையில் இருந்தது. கதவு தட்டி நேராக்கப்பட்டு, பட்டி பூசி, வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளோடு நின்றது. மச்சான்தான் வேலை செய்துகொண்டிருந்தார். பாய் ஒரு பழைய சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். சிரித்த முகமாகவே, "வாங்கம்மா" என்றார். நான் சொன்ன 'பரவால்ல'வை நம்பிய சிரிப்பு அது.

அந்த அம்மா ஆரம்பித்தார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"ஹேண்ட்பிரேக் சரியில்லனுதான் வண்டியவே உங்ககிட்ட விட்டேன். அத நான் சொல்லலனு நீங்க சொன்னது பொய்."

பாயின் சிரிப்பு நின்றது. "சார், இது நீங்க பேசறதா, அவங்க பேசறதா?"

"அவங்க பேசறத சொல்றேன் பாய்."

"நான் வயசுல பெரியவ, அதனால சொல்றேன்" என்று அந்த அம்மா தொடர்ந்தார். நான் தொடர்ந்தேன். "எனக்குப் பொய் சொல்லாதீங்க. வண்டி போனா போவுது. என்ன ஏமாத்தலாம்னு நெனச்சீங்களே, அதுதான் தாங்கல."

இந்த வார்த்தைகளை என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர் முகத்துக்கு நேராக, எனக்குப் பொய் சொல்லாதீங்க என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருஷமா வண்டி வேல பாக்கறேன். ஒருத்தர் என்னப் பாத்து இப்டி பேசினதில்ல. வேற ஊர்லேருந்து வந்து, எங்க எடத்துல நின்னுக்கிட்டு, பொய் சொல்றேன்னு சொல்வாங்களா? வண்டிய அப்டியே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க சார்."

எல்லாவற்றையும் சொன்னேன், 'வேற ஊர்லேருந்து வந்து' என்பது உட்பட. அந்த அம்மா கேட்டுத் தலையாட்டினார். விசித்திரமாக, அவர் முகத்தில் சிவப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் மச்சான் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "சொல்லித் தொலைங்களேன் மாமா. இன்னும் எத்தன நாளைக்கு மூடி வெப்பீங்க?"

"நீ சும்மா இரு."

"சும்மா இருக்க முடியல. அக்காகிட்டயும் சொல்லக்கூடாது, டாக்டர்கிட்டயும் போகக்கூடாது. சார், நீங்க கேளுங்க. அன்னிக்கு மாமா வண்டிக்கு அடியில படுத்திருந்தாரு. ஹேண்ட்பிரேக் கேபிள டைட் பண்ணிட்டிருந்தாரு. டயருக்கு முன்னாடி கல்லுதான் வெச்சிருந்தோம். மண்ணு ஈரம், கல்லு நழுவிடுச்சு. வண்டி எறங்க ஆரம்பிச்சிடுச்சு. மாமாவோட சட்ட அடியில சைலன்சர் கிளாம்புல மாட்டிக்கிச்சு. வண்டியோட சேர்ந்து மாமாவும் இழுத்துக்கிட்டே போறாரு. எதுர ரோடு. பஸ்ஸு போவுது. நான் ஜன்னலுக்குள்ள கைய வுட்டு ஸ்டியரிங்க ஒரே திருப்பா திருப்பி செவுத்துல வுட்டேன். வண்டிய நான்தான் சார் இடிச்சேன். வேணும்னுதான் இடிச்சேன்."

நான் இதை வாக்கியம் வாக்கியமாக அந்த அம்மாவிடம் சொன்னேன். 'இழுத்துக்கிட்டே போறாரு' என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை உடனே கிடைக்கவில்லை. கையால் காட்டினேன்.

அந்த அம்மா பாயிடம் கேட்டார். "எங்கே அடிபட்டது?"

"தோள்பட்ட" என்றார் மச்சான். "நாட்டு வைத்தியர்கிட்ட எண்ணெய்க் கட்டு போட்டுக்கிட்டு வேலையே செய்யாம உக்காந்திருக்காரு."

"தொட மாட்டேன்" என்று அந்த அம்மா சொன்னார், நானும் சொன்னேன். "கைய மட்டும் மேல தூக்கிக் காட்டுங்க."

பாய் இடது கையைத் தூக்கினார். தோளுக்குப் பாதி உயரம்கூட வரவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"கழுத்துக்குக் கீழே இருக்கிற காறை எலும்பு உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்" என்றார் அந்த அம்மா. பிறகு நிறுத்தி நிதானமாக என்னிடம், "இதை அப்படியே சொல்லுங்கள். காருக்காக வந்த கோபம் போய்விட்டது. ஆனால் உங்கள்மேல் கோபம் போகவில்லை. வழுக்குகிற மண்ணில் ஒரு கல்லை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தீர்களே, அதற்காக. ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் படுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் எழுந்து போனதில்லை" என்றார்.

சொன்னேன். பாய் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"கல்லு வெச்சது என் தப்பு. கட்டைங்க இருந்துச்சு, எடுக்கப் போக சோம்பேறித்தனம். நாப்பது வருஷம் வேல பாத்தவன் இப்டிப் படுத்தான்னு வெளிய தெரிஞ்சா யாரு வண்டி விடுவாங்க? அதான் மூடிட்டேன். வாயில வந்தத சொல்லிட்டேன். ஆனா சார்..." என்று என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் சொன்னத நீங்க அவங்ககிட்ட சொன்னீங்களா இல்லியா? அவங்க பரவால்லனு சொன்னாங்கனு சொன்னீங்களே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். "இல்ல பாய். நீங்க சொன்னத நான் சொல்லல. அவங்க சொன்னதயும் உங்ககிட்ட சொல்லல. ரெண்டும் நானா சொன்னது."

பாய் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பத்து நாளா எனக்குத் தூக்கம் இல்ல சார்" என்றார். "நான் அவங்கமேல பழியப் போட்டேன், அவங்க மனுஷனுக்கு ஒண்ணும் ஆகலியே அது போதும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்டிப்பட்டவங்க மொகத்துல போய் எப்டி முழிக்கறதுனு இருந்தேன். அன்னிக்கே அவங்க என்னத் திட்டியிருந்தா, நானும் பதிலுக்குக் கத்திட்டு, அப்பவே உள்ளத சொல்லியிருப்பேன்."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

அதையும் மொழிபெயர்த்தேன். என்னைப் பற்றி இன்னொருவர் சொன்னதை என் வாயாலேயே, ஒரு வார்த்தை குறைக்காமல். அவ்வளவு கஷ்டமான வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அந்த அம்மா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். மச்சான் டீ வாங்கிவரப் போனார். மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மொழிபெயர்க்க எதுவும் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று மத்தியானமே பாயும் மச்சானும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பில் விரிசல் இருந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொட்டில் மாதிரித் துணியில் கட்டி வைக்கச் சொன்னார்கள். பாய் வீட்டில் விஷயம் தெரிந்து, அவர் மனைவி அவரோடு இரண்டு நாள் பேசவில்லை என்று மச்சான் சொன்னார். காரை மச்சான் ஒருவராகவே முடித்தார். தீபத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. சாம்பல் நிறம் சரியாகப் பொருந்தவில்லை. இடது கதவு மட்டும் ஒரு படி கறுத்திருந்தது. மறுபடி அடித்துத் தருகிறோம் என்றார்கள். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார். பிரேக் வேலைக்கு மட்டும் பாய் கூலி வாங்கிக்கொண்டார். அடுத்த தடவை நான் போனபோது ஷெட்டின் ஓரத்தில் முக்கோணமாக அறுத்த நான்கு பெரிய மரக்கட்டைகள் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கிடந்தன. கல் ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மா என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தார் என்று சொல்ல முடியாது. பேசினார். ஆனால் நான் ஏதாவது சொன்னால் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த ஒரு கணம் அவர் கடைசியாக ஊருக்குப் போன வருஷம்வரை போகவே இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு மாற்றிச் சொல்லல்தான் ஆகும். மாற முயன்றேன். அடுத்த சீசனில் ஒரு வீட்டுக்காரருக்கும் அவர் வீட்டில் குடியிருந்த ஒரு வெளிநாட்டு இளைஞருக்கும் தகராறு. என்னைக் கூப்பிட்டார்கள். ஷெட்டில் கற்ற பாடத்தோடு போய், வீட்டுக்காரர் வாயில் வந்த அத்தனையையும் அட்சரம் பிசகாமல் சொன்னேன். அந்தப் பையன் மத்தியானத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் வீடு காலியாகக் கிடந்தது. இன்றைக்கும் அவர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அங்கே உள்ளே மறைந்துகிடந்த உண்மை எதுவும் வெளியே வரவில்லை. வெறும் வசவுதான் இருந்தது, அதுதான் வந்தது. வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

பல வருஷம் தடுமாறிவிட்டு, ஒரு வழக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். யாராவது கோபமாக ஏதாவது சொல்லி, அதைச் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பினால், உடனே வாயைத் திறக்க மாட்டேன். "அப்படியே சொல்லட்டுமா?" என்று கேட்பேன். தமிழ்க்காரரிடம் தமிழில், வெளிநாட்டுக்காரரிடம் இங்கிலீஷில். சிலர் "அப்படியே சொல்லுங்க" என்பார்கள். சொல்லிவிடுவேன். பலர் அந்த இடத்தில் ஒருமுறை நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருங்க, நான் வேற மாதிரி சொல்றேன்" என்கிறார்கள். அவர்கள் வேறு வார்த்தை தேடி முடிக்கும்வரை நான் காத்திருப்பேன்.